அரை மணி நேரத்தில் 99 துறைகள்

பிப்ரவரி 1-ம் தேதி வந்தால் போதும், நாட்டில் பாதிப் பேர் பொருளாதார நிபுணர்கள் ஆகிவிடுவார்கள். நிதியமைச்சர் கையில் இருப்பது பெட்டியா, சிவப்புத் துணிப் பையா, டேப்லட்டா என்று காலையிலேயே டி.வி.யில் விவாதம் தொடங்கிவிடும். எது விலை ஏறும், எது இறங்கும், வருமான வரி ஸ்லாப் என்ன ஆச்சு என்று சாயங்காலம் வரை ஓடும். மறுநாள் பேப்பரில் ஒரு ரூபாய் நாணயத்தைக் கேக் மாதிரி வெட்டி "ரூபாய் வருவது எப்படி, போவது எப்படி" என்று படம் போடுவார்கள். பி.காம். வகுப்புகளில் அதையே பார்த்து அசைன்மென்ட் எழுதச் சொல்வார்கள். பிப்ரவரி 5-க்குள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

விஷயம் என்னவென்றால், பிப்ரவரி 1 அன்று ஒரு பைசா கூட யாருக்கும் ஒதுக்கப்படுவதில்லை. அன்றைக்கு நடப்பது வெறும் வாசிப்பு. "இவ்வளவு வரும், இவ்வளவு செலவு செய்யலாம் என்று நினைக்கிறோம், அனுமதி கொடுங்கள்" என்று அரசாங்கம் போடும் மனு அது. அனுமதி கொடுக்க வேண்டியது மக்களவை. அந்த அனுமதி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை எந்த சேனலும் நேரலையில் ஒளிபரப்ப அலைவதில்லை. காரணம், ஒளிபரப்ப அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது.

முதலில் விதிமுறை என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். இந்தியத் தொகுப்பு நிதியத்தில் இருந்து சட்டத்தின் அனுமதி இல்லாமல் பணம் எடுக்க முடியாது. அரசியல் சட்டத்தின் 266-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. 113-வது பிரிவின்படி ஒவ்வொரு துறையின் செலவும் "மானியக் கோரிக்கை" என்ற பெயரில் மக்களவை முன்னால் வர வேண்டும். மக்களவை அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட மட்டும் முடியாது. மாநிலங்களவைக்கு இதில் ஓட்டே கிடையாது. அதாவது, ஓட்டுப் போட்டு நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்களுக்கு மட்டுமே உள்ள அதிகாரம் இது. கடன் வட்டி, நீதிபதிகள் சம்பளம் மாதிரி சில செலவுகள் ஓட்டெடுப்புக்கே வராது. அதைச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய், அதில் வட்டி மட்டும் 12.76 லட்சம் கோடி. நான்கில் ஒரு பங்கு அப்படியே போய்விட்டது, சரி. மிச்சம் இருப்பதையாவது பார்த்துப் பார்த்து ஓட்டுப் போட வேண்டாமா?

தமிழ்நாட்டில் பேப்பர் படிக்கிறவர்களுக்கு "மானியக் கோரிக்கை" புது வார்த்தை இல்லை. சட்டசபையில் போலீஸ், உயர்கல்வி, நெடுஞ்சாலை என்று துறை வாரியாக வாரக்கணக்கில் நடக்கும். அதில் முக்கால்வாசி தலைவர் புகழ்ச்சிதான் என்றாலும், அந்தந்தத் துறை அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்லியே ஆக வேண்டும். டெல்லியில்தான் கதை வேறு.

டெல்லியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அமைச்சகங்கள். அதில் நாலைந்தை மட்டும் அலுவல் ஆய்வுக் குழு விவாதத்துக்குத் தேர்ந்தெடுக்கும். மிச்சம் எல்லாவற்றுக்கும் "கில்லட்டின்". பிரெஞ்சுப் புரட்சியில் தலையை வெட்டிய அதே கருவியின் பெயர்தான். மக்களவை விதி 208 சொல்வது இதுதான்: மானியக் கோரிக்கைகளுக்கு ஒதுக்கிய நாட்களில் கடைசி நாள் மாலை 5 மணிக்கு, அல்லது சபாநாயகர் முன்கூட்டியே சொல்லும் நேரத்துக்கு, மிச்சம் இருப்பவை எல்லாவற்றையும் உடனே ஓட்டுக்கு விட வேண்டும். விவாதம் கிடையாது. "ஆதரிப்பவர்கள் ஆம் என்க, எதிர்ப்பவர்கள் இல்லை என்க... ஆம் என்போரே அதிகம்." முடிந்தது. பாதுகாப்பு, சுகாதாரம், கல்வி, உள்துறை எல்லாம் ஒரே வெட்டில்.

ஊர்க் கோவில் கொடை முடிந்து கணக்கு வாசிக்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். "பந்தல் 18,000, மைக் செட் 6,500" என்று வாசிக்கும்போதே கூட்டத்தின் கடைசியில் இருந்து ஒரு பெரியவர் எழுந்து, "போன வருசம் மைக் செட் அஞ்சாயிரம்தானேப்பா?" என்பார். பதில் வரும் வரை உட்கார மாட்டார். சண்டை கூட வரும். 543 பேர் உள்ள மக்களவையில் அந்தப் பெரியவர் வேலையைச் செய்யத்தான் ஆளே இல்லை.

இனி 2018-க்கு வருவோம். அந்த வருடம் மார்ச் 14 அன்று மக்களவையில் நாலைந்து அமைச்சகங்கள் கூட விவாதிக்கப்படவில்லை. மொத்தம் 99 மானியக் கோரிக்கைகள், நிதி ஒதுக்க மசோதா, நிதி மசோதா எல்லாம் சேர்த்துச் சுமார் அரை மணி நேரத்தில் நிறைவேறின. அந்த ஆண்டு பட்ஜெட்டின் மொத்தச் செலவு 24.42 லட்சம் கோடி ரூபாய். எந்தக் கம்பெனியிலும் பெட்டி கேஷில் 50 ரூபாய் எடுக்க வவுச்சரில் கையெழுத்து வேண்டும், ஆடிட்டர் வந்தால் அதற்கும் பில் கேட்பார். இங்கே ஒரு துறைக்கு இருபது விநாடி கூடத் தேறவில்லை.

"சபையில் ஒரே அமளி, வேறு வழியில்லை" என்றது அரசு தரப்பு. அமளி இருந்தது உண்மைதான். வங்கி மோசடி பற்றிக் காங்கிரஸ், ஆந்திராவுக்குச் சிறப்பு அந்தஸ்து கேட்டுத் தெலுங்கு தேசமும் ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும், காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு அ.தி.மு.க. ஆளுக்கொரு பதாகையுடன் சபையின் நடுப்பகுதியில் நின்றார்கள். ஆனால் காலண்டரை எடுத்துப் பாருங்கள். அந்தக் கூட்டத்தொடர் ஏப்ரல் 6 வரை நடந்தது. இன்னும் 23 நாள் கையில் இருக்கும்போது, மார்ச் 14-லேயே கத்தியை இறக்க என்ன அவசரம்? நாளை அமளி அடங்கலாம் என்று கூட யாரும் காத்திருக்கவில்லை. அடங்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தார்களோ என்னவோ.

இதைவிடக் கொடுமை அடுத்த இரண்டே நாளில் நடந்தது. மார்ச் 16-ல் இருந்து ஒய்.எஸ்.ஆர். காங்கிரசும் தெலுங்கு தேசமும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு நோட்டீஸ் கொடுத்தன. அதை ஏற்க 50 உறுப்பினர்கள் எழுந்து நிற்க வேண்டும், சபாநாயகர் எண்ண வேண்டும். ஒவ்வொரு நாளும் சபாநாயகர் சொன்னது என்ன தெரியுமா? சபை ஒழுங்கில் இல்லை, அமளியில் தலைகளை எண்ண முடியாது. கூட்டத்தொடர் முடியும் வரை அந்தத் தீர்மானம் எடுக்கப்படவே இல்லை. ஜூலை 20-ல்தான் எடுத்தார்கள், 126-க்கு 325 என்று தோற்றது. தோற்றது விஷயம் இல்லை. அமளியில் 50 தலையை எண்ண முடியாத அதே சபையில், அதே அமளியில், 24 லட்சம் கோடியை எண்ண முடிந்திருக்கிறது! இந்தக் கணக்கு எந்த அக்கவுண்டன்சி புத்தகத்தில் வருகிறது?

இப்போது எதிர்க்கட்சிப் பக்கம். அவர்களைத் தியாகிகள் மாதிரிப் பேசுகிறவர்களுக்கு இந்தப் பகுதி பிடிக்காது. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ல் தீர்ப்பு சொல்லி, செயல்திட்டத்துக்கு ஆறு வாரம் கெடு கொடுத்திருந்தது. அதைச் செய்ய வேண்டியது மத்திய நீர்வள அமைச்சகம். அந்த அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையும் அந்த 99-ல் ஒன்று! தமிழ்நாட்டு எம்.பி.க்கள் "காவிரி, காவிரி" என்று கோஷம் போட்டுக்கொண்டிருக்கும்போதே, காவிரிக்குப் பொறுப்பான அமைச்சகத்தின் ஒரு வருடச் செலவு அவர்கள் காதுக்கு முன்னாலேயே நிறைவேறிப் போனது. தமிழ்நாட்டில் இருக்கும் 39 தொகுதியில் 37 அ.தி.மு.க. கையில் இருந்தது. நீர்வளத் துறையை விவாதத்துக்கு எடுங்கள் என்று அலுவல் ஆய்வுக் குழுவில் மல்லுக்கட்டியிருக்கலாம். அந்தத் துறை மீது வெட்டுத் தீர்மானம் கொடுத்து, எண்ணி ஓட்டெடுங்கள் என்று அடம் பிடித்திருக்கலாம். ஜெயித்திருக்க மாட்டார்கள். ஆனால் யார் காவிரிக்கு எதிராகக் கை தூக்கினார்கள் என்று பெயரோடு பதிவாகியிருக்கும். பதாகை டி.வி.யில் தெரியும், வெட்டுத் தீர்மானம் தெரியாது. அதுதான் வித்தியாசம் போல.

வெட்டுத் தீர்மானம் பற்றித் தெரியாதவர்களுக்குச் சின்ன விளக்கம். ஒரு துறையின் கொள்கையே தப்பு என்றால், அதன் ஒதுக்கீட்டை 1 ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். செலவு அதிகம் என்றால் குறிப்பிட்ட தொகையைக் குறைக்கச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட புகாரைச் சொல்ல வேண்டும் என்றால் 100 ரூபாய் குறைக்கச் சொல்லலாம். 100 ரூபாய்தானே என்று சிரிக்க வேண்டாம். அது நிறைவேறிவிட்டால் சபையின் நம்பிக்கையை அரசு இழந்துவிட்டது என்று அர்த்தம், வீட்டுக்குப் போக வேண்டியதுதான். 2010 ஏப்ரல் 27-ல் பெட்ரோல், டீசல் விலை உயர்வை எதிர்த்து எதிர்க்கட்சிகள் வெட்டுத் தீர்மானத்தை ஓட்டெடுப்பு வரை கொண்டு போனார்கள். 201-க்கு 289 என்று மன்மோகன் சிங் அரசு தப்பித்தது. அன்றைக்கு அரசு ஒவ்வொரு கட்சியாகக் கதவு தட்ட வேண்டியிருந்தது. எந்தக் கட்சி விலை உயர்வை வெளியே திட்டிவிட்டு உள்ளே காப்பாற்றியது, எது வெளிநடப்பு என்ற பெயரில் நழுவியது என்று நாடே பார்த்தது. மக்களவை என்றால் அப்படி இருக்க வேண்டும்.

இது ஒரு கட்சியின் பாவம் மட்டும் இல்லை. 2013-ல் காங்கிரஸ் கூட்டணி அரசு, ஏப்ரல் 30 அன்று இதே மாதிரி மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. அன்றைக்கு எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க. என்ன செய்தது? வெளிநடப்பு செய்து வழிவிட்டது. ஐந்து வருடம் கழித்து நாற்காலிகள் மாறின, நாடகம் மாறவில்லை. 2023-ல் இன்னும் விசேஷம். அதானி விவகாரத்தில் கூட்டுக் குழு கேட்டு எதிர்க்கட்சிகள் கத்தின, லண்டன் பேச்சுக்கு ராகுல் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஆளுங்கட்சியே கத்தியது! ஆளுங்கட்சியே சபையை முடக்கிவிட்டு, சபை முடங்கிவிட்டதே என்று மார்ச் 23-ல் 45 லட்சம் கோடி பட்ஜெட்டின் மானியக் கோரிக்கைகள் எல்லாவற்றையும் கில்லட்டினில் வைத்தது. மறுநாள் நிதி மசோதாவும் பேச்சே இல்லாமல் போனது.

அந்த நிதி மசோதாவை காமர்ஸ் மாணவர்கள் மறக்கக் கூடாது. பிப்ரவரி 1 பட்ஜெட் உரையில் இல்லாத ஒரு விஷயம், கடைசி நேர அரசுத் திருத்தங்களில் வந்தது. கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகளை மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் பணவீக்கத்தைக் கழித்துவிட்டு 20 சதவீத வரி என்று இருந்த சலுகை, ஏப்ரல் 1 முதல் வாங்கும் யூனிட்டுகளுக்குக் கிடையாது என்று ஆகிவிட்டது. இது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வரி, இதற்கு ஒரு வரியா என்று கேட்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த விவாதம் நடந்திருக்க வேண்டிய இடம் எது? மார்ச் 24-ல் திருத்தம், அன்றைக்கே நிறைவேற்றம், எட்டாம் நாள் அமல். தெருமுனை டீக்கடைக்காரர் கூட டீ விலையை ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்னால் போர்டு வைக்கிறார்.

2017 நிதி மசோதா இன்னும் மோசம். கம்பெனி சட்டத்தின் 182-வது பிரிவைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒரு கம்பெனி, கடந்த மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை தரக் கூடாது என்று இருந்தது. அந்த வரம்பை எடுத்தது தனிச் சட்டம் இல்லை, நிதி மசோதா. தேர்தல் பத்திரத்துக்கு வழி செய்ததும் அதே மசோதாதான். மாநிலங்களவை 5 திருத்தங்களைப் பரிந்துரைத்தது, மறுநாளே மக்களவை தூக்கிப் போட்டது. பண மசோதா என்று முத்திரை குத்திவிட்டால் மாநிலங்களவைக்கு அவ்வளவுதான் மரியாதை. கடைசியில் 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தையும் ரத்து செய்தது, நன்கொடை வரம்பை எடுத்ததையும் ரத்து செய்தது. சபை ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை நீதிமன்றம் ஏழு வருடம் கழித்துக் கேட்டது. அதற்குள் கொடுத்தவர் கொடுத்தார், வாங்கியவர் வாங்கினார்.

கில்லட்டினுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "அதான் நிலைக்குழுக்கள் பார்க்கின்றனவே." 1993-ல் தொடங்கிய இந்தக் குழுக்கள் இப்போது 24. ஒவ்வொன்றிலும் மக்களவையில் இருந்து 21 பேர், மாநிலங்களவையில் இருந்து 10 பேர். பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவில் விடும் இடைவேளையில் துறைச் செயலாளர்களைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டு அறிக்கை கொடுக்கிறார்கள். உண்மையிலேயே உருப்படியான வேலை, அதில் சந்தேகம் இல்லை. போன வருடம் கொடுத்த பணத்தைச் செலவே செய்யாமல் இந்த வருடம் ஏன் கூடக் கேட்கிறீர்கள் என்பது மாதிரிக் கேள்விகள் அங்கேதான் வருகின்றன. ஆனால் கூட்டம் மூடிய கதவுக்குள். அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது. அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு சபையில் விவாதிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடே. விவாதத்தையே வெட்டிவிட்டால் அறிக்கை யாருக்கு? ஆடிட்டரை வைத்து ரிப்போர்ட் எழுதி வாங்கிவிட்டு, அதைப் பிரிக்காமலேயே ஏ.ஜி.எம்.மில் கணக்கை நிறைவேற்றுவது மாதிரி. நிதி மசோதாவோ இந்தக் குழுக்கள் பக்கமே போவதில்லை.

இன்னொரு பதில், "பெரும்பான்மை இருக்கிறது, பேசினாலும் நிறைவேறத்தானே போகிறது?" இதைச் சொல்பவர்கள் அறிவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்கள் :-) அப்படிப் பார்த்தால் சபையே எதற்கு? தேர்தல் முடிந்த அன்றே ஐந்து வருடத்துக்கும் சேர்த்து ஒரு "ஆம்" வாங்கிக்கொண்டு எல்லோரும் ஊருக்குப் போகலாமே. பேசினால் ஓட்டு மாறாது, சரி. ஆனால் அமைச்சர் வாயால் பதில் வரும், அது பதிவாகும், அடுத்த வருடம் அதைக் காட்டிக் கேட்க முடியும். அதற்குப் பயந்துதான் அதிகாரிகள் கொஞ்சமாவது கணக்கை ஒழுங்காக வைத்திருப்பார்கள். பதிலே சொல்ல வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால்?

நேரம் இல்லை என்பது மூன்றாவது சாக்கு. 1952 முதல் 1957 வரை இருந்த முதல் மக்களவை 677 நாள் கூடியது. 2019 முதல் 2024 வரை இருந்த 17-வது மக்களவை கூடியது 274 நாள். நாட்டின் பட்ஜெட் எத்தனை மடங்கு பெருத்திருக்கிறது என்று சொல்லத் தேவையில்லை. பார்க்கும் நாள் மட்டும் பாதிக்கும் கீழே இளைத்துவிட்டது. நேரம் வானத்தில் இருந்து விழுவதில்லை. எப்போது கூட வேண்டும், எத்தனை நாள் என்று முடிவு செய்வதே அரசுதான். 2017-ல் பட்ஜெட் தேதியைப் பிப்ரவரி கடைசியில் இருந்து 1-ம் தேதிக்கு மாற்றியபோது, மார்ச் 31-க்குள் எல்லாவற்றையும் நிதானமாக முடிக்கலாம் என்றார்கள். முடிக்கிறார்கள், நிதானம்தான் இல்லை. ரயில்வேக்கு 1924-ல் இருந்து இருந்த தனி பட்ஜெட்டும் அதே ஆண்டு போய்விட்டது.

செய்ய முடியாத காரியம் ஒன்றும் கேட்கவில்லை. விதி 208 அரசியல் சட்டம் இல்லை, சபையே எழுதிக்கொண்ட விதி, சபையே மாற்றலாம். கத்தி விழுவதற்கு முன்னால் இத்தனை துறைகளாவது விவாதிக்கப்பட்டிருக்க வேண்டும், கூட்டத்தொடரின் கடைசி வாரத்துக்கு முன்னால் அது விழக் கூடாது என்று இரண்டு வரி சேர்த்தால் 2018 மார்ச் 14 மாதிரி ஒரு நாள் வராது. எந்தத் துறைகள் என்பதில் பாதியை எதிர்க்கட்சிகள் தேர்ந்தெடுக்கட்டும். அப்போது பதாகை பிடிப்பதா, வெட்டுத் தீர்மானம் கொடுப்பதா என்று அவர்களும் யோசிக்க வேண்டி வரும்.

2018-ன் அந்த அரை மணி நேரத்தில் நிறைவேறிய நிதி மசோதாவில் இன்னொன்றும் இருந்தது. எம்.பி.க்களின் மாதச் சம்பளம் 50,000-ல் இருந்து 1 லட்சம் ரூபாய். இனி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாகவே உயரும் என்ற ஏற்பாடும் அதிலேயே. அந்த ஏற்பாட்டின்படி 2025 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. சம்பளம் 1,24,000 ரூபாய், அதுவும் 2023 ஏப்ரல் 1-ல் இருந்து கணக்கிட்டு. அன்றைக்கு எந்தக் கட்சியும் பதாகையோடு சபையின் நடுவில் போய் நிற்கவில்லை.